ஸ்டேன்மத் உறுப்பினரின் அக்கா

ஸ்டேன்மத், இங்கிலாந்து
12 அக்டோபர் 1974

என் அன்பு ஷஃபீகா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான், டோரீன், மகள் நஜ்மா மூவரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? பள்ளிக்கூட மாடிப்படி ஏற முடியவில்லை என்று எழுதியிருந்தாய். கீழ் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள் என்றால் கேட்கமாட்டாய்.

அக்கா, ஜெயித்துவிட்டேன். முந்நூற்று நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசம். உன் தம்பி இனி பார்லிமெண்ட் உறுப்பினன்.

நேற்றுக் காலை நகர மண்டபத்தில் எண்ணினார்கள். மேயர் முடிவை வாசிக்க வந்தார். மற்ற இரண்டு பேருடைய பெயரையும் கடகடவென்று வாசித்தவர் என் பெயரில் வந்து நின்றுவிட்டார். "ஃபரஜ்... பா... பா..." என்று இழுத்தார். கீழே நின்ற துறைமுகத் தொழிலாளிகள் ஒரே குரலில் "பாவஸீர்!" என்று எடுத்துக்கொடுத்தார்கள். இருபத்துநாலு வருஷமாக என்னை 'ஃப்ராங்க்' என்று கூப்பிட்டவர்கள் அவர்கள். என் சொந்தப் பெயரை அவர்கள் வாயால் நேற்றுதான் முதல்முறை கேட்டேன். மேடையில் நின்றபடியே அழுதுவிட்டேன்.

வெளியே ஒருத்தன், "கப்பல் ஏறி உன் ஊருக்குப் போடா!" என்று கத்தினான். நான் வாயைத் திறப்பதற்குள் டோரீன் முந்திக்கொண்டாள். "போவாருப்பா. லண்டனுக்கு. ரயில்ல. திங்கக்கிழமை." கத்தினவனே சிரித்துவிட்டான்.

வாப்பாவும் உம்மாவும் இருந்து பார்த்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பதிலாக நீ இருக்கிறாய். அடுத்த கடிதம் பார்லிமெண்ட் காகிதத்தில் வரும், பார்.

உன் துஆவை வேண்டும் தம்பி,
ஃபரஜ்


கிரேட்டர், ஏடன்
9 நவம்பர் 1974

ஃபரஜ் ராஜா,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் உனக்கும் உன் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அதை விடு.

உன் கடிதத்தைத் தெருவே படித்துவிட்டது. என் வீட்டுக்காரர் மௌத்தான பிறகு இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. கீழ்வீட்டு மசாலாக் கடைக்காரர் ஒரு தட்டு ஹல்வா அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப்போனேன். போன வாரம் வந்த உன் இரண்டாவது கடிதத்தின் உறையை, கிரீடமும் கம்பிக்கதவும் அச்சடித்த பார்லிமெண்ட் உறையை, தலைமையாசிரியை தன் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். "எங்க கணக்கு டீச்சரோட தம்பி" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

எனக்கு ஒரே ஒரு கவலை. அந்தச் சபையில் நீ எப்படிப் பேசப் போகிறாய்? வாப்பா "எங்கடா போயிருந்த?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் என் பின்னால் வந்து ஒளிந்தவன் நீ. உம்மா போனபோது உனக்கு நாலு வயசு, எனக்குப் பதின்மூன்று. அதிலிருந்து உனக்காகப் பேசியவள் நான். இப்போது எழுபதாயிரம் பேருக்காக நீ பேச வேண்டும். மெதுவாகப் பேசு. இடையில் தண்ணீர் குடி. பயம் வந்தால் எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்க்காதே, அவன் காதைப் பார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வந்தால் அப்படித்தான் செய்வேன்.

எல்லாவற்றையும் எழுது. யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய், என்ன சட்டை போட்டிருந்தாய், எல்லாம்.

டோரீனுக்கு என் முத்தம். அந்த ரயில் பதிலை நான் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன்.

உன் அக்கா


லண்டன்
20 பிப்ரவரி 1975

அன்பு அக்காவுக்கு,

அல்லாஹ்வின் அருளால் சுகம். உன் சுகத்துக்குப் பதில் எழுது. நஜ்மாவுக்குப் பல் விழுந்து பல் முளைக்கிறது.

எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய். முதல் வாரத்தில் நடந்ததைக் கேள். நடைவழியில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்க்கட்சிப் பெரியவர் ஒருவர் மழையில் நனைந்து வந்தார். என் கையில் ஈரக் கோட்டையும் குடையையும் திணித்து, "இதைக் காய வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் கொண்டுபோய்க் காய வைத்தேன். கப்பல் பழக்கம், யாராவது ஏதாவது கொடுத்தால் கை தானே வாங்கிக்கொள்கிறது. பிற்பகல் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது எதிர் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றுவிட்டது. பிறகு என்னைத் தேடி வந்து, "மன்னிச்சுக்கணும், நான் உங்களை வேற யாரோன்னு..." என்று முகம் சிவந்து நின்றார். "பரவாயில்லைங்க, கோட்டு காஞ்சிருச்சு, வந்து எடுத்துக்குங்க" என்றேன். இப்போது இருவரும் ஒன்றாக டீ குடிக்கிறோம்.

அக்கா, நேற்று என் முதல் பேச்சு. ஸ்டேன்மத்தில் கப்பல் தொழிலாளிகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் மாலை வகுப்பு ஒன்று இருக்கிறது. அதை மூடப் போகிறார்கள். அதைப் பற்றித்தான் பேசினேன். "நான் பத்தொன்பது வயதில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவனாக உங்கள் கரையில் இறங்கினேன். என்னோடு இறங்கிய பதினோரு பேரில் வேலை ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை. ஏடனில் ஷஃபீகா பாவஸீர் என்று ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். அவர் என் அக்கா. மீதிப் பத்துப் பேருக்கு அப்படி ஓர் அக்கா இல்லை. அதனால்தான் இந்த வகுப்பு வேண்டும்" என்றேன். காதைப் பார்த்துத்தான் பேசினேன். சபை முழுக்க 'ஆமாம் ஆமாம்' என்றது. உன் பெயர் இனி இந்த நாட்டின் பார்லிமெண்ட் ஏட்டில் என்றைக்கும் இருக்கும்.

இன்னும் கேள். இங்கிருந்து அரபியில் ஒலிபரப்பும் வானொலிக்காரர்கள் பேச்சைக் கேட்டு வாங்கிப் போனார்கள். வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். கேட்டாயா?

உன் தம்பி
ஃபரஜ் பாவஸீர், எம்.பி. (சிரிக்காதே)


கிரேட்டர்
30 மார்ச் 1975

தம்பி ஃபரஜுக்கு,

ஸலாம். நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

வானொலியைக் கேட்டேன். எல்லோரும் கேட்டார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இனி எழுதும்போது மெல்லிசான சாதாரணக் காகிதத்தில் எழுது. அந்தத் தடித்த உறை வேண்டாம். அதில் ஒட்டிய தபால்தலையை யாரோ உரித்துக்கொள்கிறார்கள், உறை கிழிந்து வருகிறது. பெயருக்குப் பின்னால் எம்.பி. என்றும் போட வேண்டாம். என்னைப் பற்றிச் சபையில் பேசவும் வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது நிறைய ஓய்வு கிடைக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். திரைச்சீலை தைத்தேன். முழங்காலுக்கு நல்லதுதான், மாடிப்படி இல்லை.

நஜ்மாவின் பல்லைப் பத்திரமாக வை.

அக்கா


ஸ்டேன்மத்
18 மே 1975

என் கூச்சக்கார அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். கீழ் வகுப்பு கிடைத்துவிட்டது போலிருக்கிறது, மாடிப்படி இல்லை என்கிறாயே. கடைசியில் தலைமையாசிரியைக்குப் புத்தி வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

உனக்குக் கூச்சமா? தெருவில் மீன்காரனோடு அரைமணி நேரம் சண்டை போட்டுப் பாதி விலைக்கு வாங்குகிறவளுக்குக் கூச்சமாம். டோரீனிடம் சொன்னேன், நம்பமாட்டேன் என்கிறாள்.

வகுப்பை மூடவில்லை அக்கா. ஜெயித்துவிட்டோம். கடிதங்கள் குவிந்தன, நகர சபை பின்வாங்கிவிட்டது. சனிக்கிழமை தோறும் மீன் ஏலக் கொட்டகைக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து மக்களைப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு கிழவர், முப்பது வருஷம் கப்பலில் இருந்தவர், வந்தார். குறை எதுவும் இல்லையாம். தன் பெயரைத் தானே எழுதிக் காட்ட வந்தாராம். என் மேஜையில் பென்சிலால் எழுதினார். அழிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

என் பேச்சை அச்சடித்துக் கொடுத்தார்கள். உன் பள்ளிக்கூட நூலகத்துக்குப் பன்னிரண்டு பிரதி அனுப்புகிறேன். உன் பெயர் வருகிற இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். தடித்த உறை வேண்டாம் என்றாய், ஆனால் பன்னிரண்டு பிரதியை வேறு எதில் வைப்பது? இந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொள்.

உன் தம்பி


ஸ்டேன்மத்
24 ஆகஸ்ட் 1975

அன்பு அக்கா,

சுகமா? மூன்று கடிதம் எழுதிவிட்டேன், பதிலில்லை. தபால் தகராறா, உடம்புக்கு ஏதாவதா? கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. ஒரு வரி போதும்.

ஃபரஜ்


ஏடன்
11 அக்டோபர் 1975

மதிப்பிற்குரிய சகோதரர் ஃபரஜ் பாவஸீர் அவர்களுக்கு,

வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் கடிதங்கள் கிடைத்தன. இங்கு நான் பூரண நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை. அரசு எல்லா வசதிகளையும் செய்து தருகிறது. தாங்கள் பணி மிகுந்தவர், ஆகவே அடிக்கடி எழுதிச் சிரமப்பட வேண்டாம். தங்கள் குடும்பத்தாருக்கு என் நல்வாழ்த்துகள்.

இப்படிக்கு,
ஷஃபீகா உமர் பாவஸீர்


ஸ்டேன்மத்
6 ஜனவரி 1976

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். உன் நலத்துக்குத் துஆ செய்கிறோம்.

இங்கே இந்த வாரம் முழுக்க மழை. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் வெயில். புதனன்று காற்று. வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்குக்கு மண் கொத்தி வைத்திருக்கிறேன். நஜ்மா பள்ளிக்கூடத்தில் முதல் இடம். வேலை அதிகமில்லை, உடம்புக்கு ஓய்வு தேவை என்று மருத்துவர் சொன்னதால் குறைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

தம்பி
ஃபரஜ்


ஸ்டேன்மத்
2 மார்ச் 1976

அன்புள்ள அக்கா,

உங்களை அப்படிக் கூப்பிடலாம்தானே? நான் டோரீன். உங்களுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று இவர் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் எழுத வராது. துறைமுகக் கேன்டீனில் டீ ஊற்றினவள் நான். தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இதைக் கொண்டுவருகிறவர் முக்பில், கப்பல் சமையல்காரர், எங்கள் தெருக்காரர், நம்பலாம். நான் எழுதியது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும்.

உங்கள் அக்டோபர் கடிதம் வந்த அன்று இவர் அதை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன், "என்னங்க, அக்கா நல்லாத்தானே இருக்காங்க, நலம்னு எழுதியிருக்காங்களே?" இவர் சொன்னார், "டோரீன், என் அக்கா ஜென்மத்துல என்னை 'நீங்க'ன்னு கூப்பிட்டதில்ல." பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து ஒன்றொன்றாகப் படித்தார். வானொலி வந்த தேதியையும் நீங்கள் மாடிப்படி இல்லை என்று எழுதிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

டிசம்பரில் பிரதமர் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மீன்வளத் துறைக்குத் துணையமைச்சர் பதவி. எங்கள் ஊரிலிருந்து இதுவரை யாரும் அமைச்சரானதில்லை அக்கா. நான் புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பினேன். போய்விட்டு வந்தார், சட்டையைக் கழற்றினார், பின்கட்டுக்குப் போய் மழையில் நின்று மண் கொத்த ஆரம்பித்துவிட்டார். "என்ன ஆச்சு?" என்றால், "உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன்" என்கிறார். இவருக்கு உடம்பில் ஒன்றுமில்லை, குதிரை மாதிரி இருக்கிறார். பதினோரு நாள் கழித்துத்தான் என்னிடம் உண்மையைச் சொன்னார். "சாதாரண எம்.பி.யா இருந்ததுக்கே அவளுக்கு என்ன ஆச்சோ தெரியல. இங்கிலீஷ்காரனை விரட்டியடிச்ச ஊரு அது. இங்கிலீஷ் அரசாங்கத்துலயே அமைச்சர்னா அவளை என்ன பண்ணுவாங்களோ."

நான் குறை சொல்லவில்லை. அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இவர் இப்போது உங்களுக்கு எழுதும் கடிதங்களை நான் பார்க்கிறேன். மழை, வெயில், காற்று. எழுதி முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உண்மையில் உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுங்கள். தெரியாமலிருப்பதுதான் இவரைத் தின்கிறது.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி டோரீன்


கிரேட்டர்
17 ஏப்ரல் 1976

அடே ஃபரஜ்,

ஸலாம் பிறகு. முதலில் திட்டிவிடுகிறேன், முக்பில் கப்பல் நாளைக்கே கிளம்புகிறது.

உன்னை யார் பதவியை வேண்டாம் என்று சொல்லச் சொன்னது? நான் சொன்னேனா? டோரீன் மேல் கோபப்பட்டால் உன்னோடு பேசமாட்டேன். அவள்தான் உங்கள் வீட்டிலேயே தைரியசாலி.

கேட்டுக்கொள். வானொலி வந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் மேஜையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அலமாரி உறையை அவர் எப்போதோ எரித்துவிட்டார். பிறகு நீ பன்னிரண்டு பிரதி அனுப்பினாய் பார், அது என்னிடம் வரவில்லை, பாதுகாப்புத் துறை ஆபீசுக்குப் போயிற்று. என்னையும் அங்கே வரச் சொன்னார்கள். மூன்று நாள். அடிக்கவில்லை, கத்தவில்லை, அதை நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு மர நாற்காலி. எதிரே ஓர் அதிகாரி. அதே கேள்வி.

"உன் தம்பிக்கு இங்கேருந்து என்ன சேதி அனுப்புற?"

"ஈத்துக்கு என்ன சமைச்சேன்னு அனுப்புறேன்."

"வேற?"

"முழங்கால் வலின்னு அனுப்புறேன்."

மூன்றாம் நாள் அந்த அதிகாரி உன் பழைய கடிதங்களையெல்லாம் படித்து முடித்துவிட்டான். அந்த ஈரக் கோட்டுக் கதையை எடுத்து வைத்துக்கொண்டு, "இது நிஜமா?" என்றான். "நிஜம்தான், அவன் அப்படிப்பட்ட மடையன்தான்" என்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டான். அக்டோபர் கடிதம் அவன் சொல்லச் சொல்ல எழுதியது. உன்னை 'தாங்கள்' என்று எழுதக் கை வரவில்லை, இரண்டு காகிதம் வீணாயிற்று.

இப்போது வீட்டிலேயே பதினாறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அதில் ஒருத்தி அந்த அதிகாரியின் மகள். போன மாதம் அவனே கையைப் பிடித்து அழைத்துவந்தான். "இவளுக்குப் பின்னக் கணக்கு வரமாட்டேங்குது" என்று தலையைச் சொறிந்தான். "உட்கார வைங்க" என்றேன். வேறென்ன செய்வது?

அழுதேனா என்றால், அழுதேன். இருபத்திரண்டு வருஷம் நின்ற வகுப்பு. ஆனால் ஃபரஜ், அன்று வானொலியில் என் பெயர் வந்தபோது நான் இடுப்பில் கைவைத்து நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் என்னிடமிருந்து திருப்பி வாங்கிவிட முடியாது. அதற்காக நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என்னை வருத்தியது வேலை போனது இல்லை. உன் ஜனவரிக் கடிதம். செவ்வாய் வெயில், புதன் காற்று! நான் என்ன பாய்மரக் கப்பலா ஓட்டுகிறேன்? நீ அங்கே என்ன செய்கிறாய், யாரோடு சண்டை போடுகிறாய் என்று தெரியாமல் எனக்குப் பொழுது போகவில்லையடா. தபாலில் வானிலையே எழுது. முக்பில் கையில் நிஜத்தைக் கொடுத்தனுப்பு.

பதவி மறுபடி வந்தால் ஏற்றுக்கொள். இது என் உத்தரவு.

உன் அக்கா


ஸ்டேன்மத்
5 ஜூன் 1976

அக்கா,

முக்பில் கொடுத்த கடிதத்தைத் துறைமுகத்திலேயே, ஒரு கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து படித்தேன். மூன்று நாள். மர நாற்காலி. நீ சொன்னபடி மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் உன்னைப் பெருமைப்படுத்துகிறேன் என்று நினைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்டேன், அது எனக்குத் தெரிகிறது. ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

பதவி மறுபடி வராது. ஒருமுறை உடம்பு சரியில்லை என்று சொன்னவனை இரண்டாவது முறை கூப்பிடமாட்டார்கள், கொறடா என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேறொருவர் செய்கிறார், நன்றாகவே செய்கிறார். வருத்தமில்லையா என்று நீ கேட்பாய். இருக்கிறது. மீன்வளம் அக்கா! அங்கே இருக்கிற எத்தனை பேருக்கு வலை முடிச்சுப் போடத் தெரியும்? பதவியேற்ற அந்த மனிதர் முதல் நாள் சபையில் பேசியபோது நான் உள்ளேயே பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் மறுபடி அந்த டிசம்பர் வந்தாலும் அதையேதான் செய்வேன். நீ எவ்வளவு திட்டினாலும் சரி.

இனி எல்லாவற்றையும் எழுதுகிறேன். போன செவ்வாய் நடந்த சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்று வெயில் அடித்ததா என்று எனக்கு ஞாபகமில்லை.

(இதோடு ஒன்பது பக்கம்.)

ஃபரஜ்


ஸ்டேன்மத்
8 மே 1979

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் மூவரும் சுகம். நீயும் உன் இருபது பிள்ளைகளும் சுகம்தானே?

தோற்றுவிட்டேன். தொண்ணூற்றாறு ஓட்டு. நாடு முழுக்கவே எங்கள் கட்சிக்கு அடி. மேயர் இந்த முறை என் பெயரைத் திக்காமல் வாசித்தார். நாலரை வருஷம். வெளியே வந்தால், மாலை வகுப்புக் கப்பல்காரர்கள் மழையில் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். நஜ்மாதான் "ஏன் எல்லாரும் மௌத்து வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறாங்க, வாப்பா உயிரோடதானே இருக்கார்?" என்றாள். தாயைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. நாலாவது நாள் டோரீன் ஒரு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். உன் நாட்டுக்கு வருவதற்கான தாள். பதவியில் இருந்தவரை நான் அங்கே வரக் கேட்கவே இல்லை அக்கா. கேட்டால் உன் வாசலுக்கு யார் வந்து நிற்பார்களோ என்ற பயம். "தொழில்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "என்னவா இறங்குனீங்களோ, அதை எழுதுங்க" என்றாள். 'கப்பல் தொழிலாளி, ஓய்வு' என்று எழுதினேன்.

இருபத்தொன்பது வருஷமாகிறது உன்னைப் பார்த்து. கொடுப்பார்களா தெரியாது. துஆ செய்.

ஃபரஜ்


கிரேட்டர், ஏடன்
23 செப்டம்பர் 1979

அன்பு டோரீன்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் நஜ்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? நீ கட்டிக்கொடுத்த பிஸ்கட் டப்பாவைச் சுங்கத்தில் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள், இரண்டு குறைவாக.

விமான நிலையத்தில் அவளைத் தாண்டிப் போய்விட்டேன் டோரீன். என் அக்கா உயரமானவள், அப்படித்தான் என் ஞாபகம். வாசலில் என் தோளுக்குக்கூட வராத ஓர் அம்மாள் கைத்தடியோடு நின்றிருந்தார். "யாருடா இந்தக் கிழவன், என் தம்பி சட்டையைப் போட்டுக்கிட்டுப் போறது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குரலுக்கு வயசாகவில்லை. அவள்தான் தடியை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்றாள். அவ்வளவுதான்.

காலையில் வீடு நிறையப் பிள்ளைகள். போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, திரும்பி வரும்படி கூப்பிட்டார்களாம். "என் வகுப்பு இங்க நிறைஞ்சிருக்கு" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டாளாம். பின்னக் கணக்குப் பெண்ணின் தகப்பனையும் பார்த்தேன். மாலையில் மகளை அழைத்துப்போக வந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் தவித்தார். நானும் அப்படியே. அக்கா குறுக்கே வந்து, "ரெண்டு பேரும் உட்காருங்க, டீ ஆறுது" என்றாள். உட்கார்ந்தோம். மீன் விலையைப் பற்றிப் பேசினோம்.

பிள்ளைகள் போன பிறகு எனக்கு வேலை ஆரம்பிக்கிறது. "கடுதாசியில படிச்சேன். இப்ப வாயால சொல்லு. முதல் நாள்லேருந்து சொல்லு" என்று உத்தரவு. ரயில் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றையும் தாண்ட விடமாட்டேன் என்கிறாள். அன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தான், அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா, சபாநாயகர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார். எனக்கே தெரியாததையெல்லாம் கேட்கிறாள். தெரியாது என்றால், "அப்ப என்னத்த அங்க போய்க் கிழிச்ச?" என்கிறாள்.

இன்று பாதியில் அவள் கண் மூடிக்கொண்டாள். என் சட்டைக் கையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள் என்று நினைத்து, குரலைக் குறைத்து, மெதுவாக நிறுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே காக்கை கத்திக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"ஏன் நிறுத்திட்ட? அந்தக் கொறடா அப்புறம் என்ன சொன்னான்?"

டிக்கெட்டை மூன்று வாரம் தள்ளிப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் இன்னும் முதல் வருஷத்தையே தாண்டவில்லை.

உன்
ஃபரஜ்